மூடிய குடுவையில் அழுத்தமும் வெப்பநிலையும்: கடலோர ஈரக்காற்றில் பிசகாமல் அளக்கும் முறை

ஒரு கலத்தின் வாயை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்று விரியவோ சுருங்கவோ இடமில்லாமல் செய்துவிட்டுச் சூடாக்கினால், அதன் அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைக் கலத்தைத் திறக்காமலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பள்ளிப் பாடத்தில் இது கே-லூசாக் விதி என்ற பெயரில் வருகிறது: கனஅளவு மாறாதபோது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு, அதாவது கெல்வின் அளவில் சொல்லும் வெப்பநிலைக்கு, நேர்விகிதத்தில் இருக்கும். இந்த ஒற்றை வரியை ஒரு குடுவையையும் அழுத்தம் காட்டும் ஒரு டயலையும் கொண்டு உறுதிசெய்ய முடியும். ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், கீழே வாலிநோக்கம், சாயல்குடி என்று நீளும் இராமநாதபுரம் கடலோரத்தில் இதைச் செய்து பார்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது காற்றில் நிறைந்திருக்கும் ஈரத்தை. ஈரத்தை வெளியேற்றாமல் செய்த அளவீடு, விதியையே பொய்யாக்கிக் காட்டும்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காற்றின் மூலக்கூறுகள் கலத்தின் சுவரில் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன; அந்த மோதல்களின் மொத்த விளைவைத்தான் அழுத்தம் என்கிறோம். வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகளின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் ஒவ்வொரு மோதலும் வலுக்கிறது. அதே நேரத்தில், அதே சுவருக்கு அவை முன்னைவிட விரைவில் திரும்பி வருவதால் மோதல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. இரண்டும் சேர்வதால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது. வேகத்தின் வர்க்கமோ தனி வெப்பநிலைக்கு நேர்விகிதம். எனவேதான் அழுத்தமும் தனி வெப்பநிலையும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குகின்றன.

பிரான்சு நாட்டு அறிஞர் அமோன்தோன் 1702-இலேயே, அடைபட்ட காற்றைக் குளிர்ந்த நீரின் நிலையிலிருந்து கொதிநீரின் நிலைக்குக் கொண்டுசென்றால் அதன் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுவதைக் கண்டறிந்தார். கே-லூசாக் 1802-இல் வெளியிட்ட ஆய்வு, அழுத்தம் மாறாதபோது கனஅளவு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. ஆகவே இந்த விதியை அமோன்தோன் பெயரால் அழைப்பதே நியாயம் என்பது என் கருத்து. பாடநூலில் உள்ள பெயரைத் தேர்வில் எழுதுவதில் தவறில்லை.

கணக்குப் போடுவோர் மூன்று நிபந்தனைகளை மறக்கக் கூடாது. வெப்பநிலையைச் செல்சியசில் அல்லாமல் கெல்வினில் வைக்க வேண்டும். அதாவது செல்சியஸ் அளவோடு 273 கூட்ட வேண்டும். இருபத்தேழு டிகிரி ஐம்பத்து நான்காகும்போது வெப்பநிலை இரட்டிப்பதில்லை. 300 கெல்வின் 327 ஆகிறது, அவ்வளவுதான். அடுத்து, அழுத்தமானி காட்டும் எண் முழு அழுத்தம் அன்று. திறந்த வெளியில் அது சுழியைக் காட்டுகிறது. ஆனால் அங்கேயும் வளிமண்டலத்தின் அழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே மானியின் எண்ணோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிய பிறகே விகிதம் போட வேண்டும். கடல்மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம், அல்லது 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), அல்லது 1.01 பார். இந்த வகையில் கடலோரத்தார்க்கு ஒரு வசதி உண்டு: கொடைக்கானலில் இருப்பவர் உயரத்துக்கு ஏற்ப இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இராமேசுவரத்தில் இருப்பவர் 760 என்றே வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் நெருங்கிவரும் நாள்களில் மட்டும் அது சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். மூன்றாவது நிபந்தனை, உள்ளே இருக்கும் வாயு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கசிவு இருந்தால் குறையும். உள்ளே நீர்த்துளி இருந்து ஆவியானால் கூடும்.

குடுவையைத் தயார் செய்தல்

அரை லிட்டர் கொள்ளும், அடி உருண்ட, கீறலில்லாத போரோசிலிக்கேட் குடுவை ஒன்று வேண்டும். அதன் வாய்க்குப் பொருந்தும் ஒற்றைத் துளை இரப்பர் அடைப்பான், துளையில் செருகச் சிறு கண்ணாடிக் குழாய், தடித்த இரப்பர்க் குழாய் ஒரு சாண் நீளம், 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி, குடுவை கழுத்து வரை முங்கும் அளவுக்குப் பாத்திரம், பனிக்கட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆகியவை போதும். அழுத்தம் பார்க்க, இரத்த அழுத்தம் சோதிக்கும் கருவியின் வட்ட டயலை எடுத்துக்கொள்ளலாம். கைப்பட்டையையும் காற்றடிக்கும் பல்பையும் கழற்றிவிட்டால், 0 முதல் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும் நல்ல அழுத்தமானி கையில் இருக்கும். இந்தச் சோதனைக்கு அளவெடுத்துச் செய்தது போல அது பொருந்துகிறது: சுழி டிகிரியில் மூடிய உலர்காற்றை நூறு டிகிரிக்குக் கொண்டுபோனாலும் அழுத்தம் 278 மில்லிமீட்டர்தான் ஏறும்.

ஆனால் அந்த டயலால் வளிமண்டலத்துக்குக் கீழே உள்ள அழுத்தத்தைக் காட்ட முடியாது. அறை வெப்பநிலையில் குடுவையை மூடிவிட்டுப் பிறகு பனிக்கட்டியில் வைத்தால் முள் சுழியைத் தாண்டி இறங்காது. குளிர்ந்த பக்கத்து அளவு எதுவும் கிடைக்காது. எனவே குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்த பிறகே மூட வேண்டும்.

இங்கேதான் ஈரம் குறுக்கிடுகிறது. முப்பது டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு லிட்டர் காற்றில் 23 மில்லிகிராம் அளவுக்கு நீராவி இருக்கும். அந்தக் காற்றைச் சுழி டிகிரிக்குக் குளிர்வித்தால், 5 மில்லிகிராமுக்கும் குறைவான ஆவியைத்தான் அது தாங்கும். மீதி குடுவையின் உட்சுவரில் பனித்திவலையாகப் படியும். பிறகு சூடாக்கும்போது அந்தத் திவலைகள் ஆவியாகித் தம் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். 80 டிகிரியில் உலர்காற்று 223 மில்லிமீட்டர் காட்ட வேண்டிய இடத்தில், இந்த ஈரம் மட்டுமே ஏறத்தாழ 22 மில்லிமீட்டரைச் சேர்த்துவிடும். கழுவிய குடுவையில் ஒரே ஒரு சொட்டு நீர், அதாவது 0.05 மில்லிலிட்டர், ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கூடுதலாக 120 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி, முள் 300-ஐத் தாண்டி ஓடிவிடும், டயலும் கெடும்.

ஆகவே குடுவையை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு மெல்லிய சூட்டில் முழுமையாக உலர்த்த வேண்டும். வெயில் மட்டும் போதாது. உப்பளத்துக் காற்று வீசும் ஊரில் வெயிலில் காய்ந்த குடுவையும் இரவில் மீண்டும் ஈரம் பிடிக்கும். உலர்ந்த குடுவைக்குள் சிலிக்கா ஜெல்லைச் சிறு துணிமுடிச்சாகக் கட்டி நூலில் தொங்கவிட்டு, வாயை அடைத்து ஓர் இரவு வைக்க வேண்டும். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். அதை வறுத்து நீலமாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். மறுநாள் சோதனைக்கு முன் முடிச்சை வெளியே எடுத்துவிடுவது கட்டாயம். சூட்டில் அது தான் குடித்த நீரையெல்லாம் கக்கிவிடும்.

முடிச்சை எடுத்ததும் அடைப்பானைத் தாமதிக்காமல் இறுக்கிப் பொருத்தி, மெல்லிய கம்பியால் குடுவையின் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். 80 டிகிரியில் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடைப்பானை உள்ளிருக்கும் காற்று இரண்டு கிலோ எடைக்கு நிகரான விசையோடு மேலே தள்ளும். கட்டாவிட்டால் அது தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், குடுவையின் மேற்பகுதியில் சுற்றிய ஒட்டுநாடாவும் தேவை. மாணவர்கள் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

அளவெடுத்தல்

பனிக்கட்டிக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. மீன் ஏற்றும் இடமெல்லாம் ஐஸ் கிடைக்கும். ஆனால் மீன்பெட்டியைத் தொட்ட ஐசில் கடல்நீரும் உப்பும் கலந்திருக்கும். உப்புப் பட்ட பனிக்கட்டிக் கலவை சுழி டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பெட்டிக்குப் போகாத பாளத்திலிருந்து உடைத்து வாங்கி, குடிநீரில் ஒருமுறை அலசி, நொறுக்கி, அது நனையும் அளவுக்கு மட்டும் குடிநீர் ஊற்ற வேண்டும். வெப்பமானி காட்டும் அளவை நம்ப வேண்டுமே தவிர, பனிக்கட்டி என்பதாலேயே சுழி என்று எழுதிவிடக் கூடாது.

குடுவையைக் கழுத்து வரை அந்தக் கலவையில் முக்கி நிறுத்தவும். இரப்பர்க் குழாயின் மறுமுனையில் டயலை உடனே மாட்டாமல், சிலிக்கா ஜெல் நிரப்பி இருபுறமும் பஞ்சு அடைத்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்தவும். குளிரும்போது குடுவை வெளிக்காற்றை உறிஞ்சும்; அந்தக் காற்று ஜெல்லைக் கடந்து, உலர்ந்தே உள்ளே போகும். கால்மணி நேரம் கழிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் டயலைப் பொருத்த வேண்டும். முள் சுழியில் நிற்கும். குடுவையில் இப்போது இருப்பது சுழி டிகிரியில், 760 மில்லிமீட்டர் முழு அழுத்தத்தில், உலர்ந்த காற்று.

பனிக்கட்டியை அகற்றித் தண்ணீர் மாற்றி, அடுப்பை மிகச் சிறிய தீயில் வைக்கவும். 20, 40, 60, 80 டிகிரிகளை நெருங்கும்போதெல்லாம் தீயை அணைத்து, தண்ணீரைக் கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, டயலை விரலால் மெல்லத் தட்டி அளவைக் குறிக்க வேண்டும். இந்தப் பொறுமையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் சூடேறிய வேகத்தில் உள்ளிருக்கும் காற்று சூடேறாது. அளவுகள் முறையே 56, 111, 167, 223 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். ஒவ்வோர் இருபது டிகிரிக்கும் ஒரே அளவு ஏற்றம் என்பதைக் கண்ணால் காண்பது மனநிறைவு தரும். ஒரு டிகிரிக்கு 2.8 மில்லிமீட்டர், அது 760-இல் 273-இல் ஒரு பங்கு.

மேலே போன வழியிலேயே கீழே இறங்கவும் வேண்டும். ஆறவிட்டு அதே வெப்பநிலைகளில் மீண்டும் அளவெடுத்தால், இரண்டு வரிசையும் ஒத்துப்போக வேண்டும். இறங்கும்போது எடுத்த எண்கள், அதே வெப்பநிலையில் ஏறும்போது எடுத்தவற்றைவிடக் குறைந்து வந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் டயல் இணையும் இடத்தில்தான்.

பிறகு வரைபடத்தாளில் கிடையச்சில் −300 முதல் 100 டிகிரி வரையும், நிலையச்சில் முழு அழுத்தத்தையும் குறித்து, புள்ளிகளின் வழியே நேர்கோடு இழுத்து இடப்பக்கம் நீட்டினால், அது அழுத்தம் சுழியாகும் புள்ளியைத் தொடும். அந்தப் புள்ளி −273-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; துல்லியமான மதிப்பு −273.15. பள்ளி ஆய்வகத்தில் −260-க்கும் −285-க்கும் இடையில் வந்தால் நல்ல வேலை என்றே சொல்வேன்.

விடை விலகினால், விலகிய பக்கமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். −250-க்கு இப்பால் வந்தால் ஈரம் உள்ளே இருந்திருக்கிறது. மேலே சொன்ன கடலோரக் காற்றை உலர்த்தாமல் மூடினால் விடை −248-ஐ ஒட்டி வரும். சுவரில் நீர் ஒட்டியிருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் நில்லாமல் மேல்நோக்கி வளையும். −273-க்கு அப்பால், −280 பக்கம் போனால், இரப்பர்க் குழாயிலும் டயலுக்குள்ளும் இருக்கும் காற்று சூடாகாமல் வெளியே நிற்பதே காரணமாக இருக்கலாம். அரை லிட்டர் குடுவைக்கு வெளியே பத்து மில்லிலிட்டர் காற்று நின்றாலே விடை ஆறு டிகிரி தள்ளிப்போகும். குழாயை ஒரு சாணுக்கு மேல் வைக்கக் கூடாது என்றது இதனால்தான். கசிவும் விடையை அதே பக்கம்தான் தள்ளும். ஆறும்போது எடுத்த அளவுகள் அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

டயரிலும் முக்குளிப்போர் சிலிண்டரிலும்

டயர் முழுமையாக விறைத்த கலம் அன்று என்றாலும், அதன் கனஅளவு மிகச் சிறிதே மாறுவதால் இந்த விதி அதற்குப் போதுமான அளவு பொருந்தும். காலையில் 27 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த காரை நண்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி, டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரியை எட்டியதாகக் கொள்வோம். முழு அழுத்தம் 32-உம் 14.7-உம் சேர்ந்து 46.7. அதை 333-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 51.8. வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தால் மானி 37 காட்டும். காற்று கூடிப்போனதோ என்று அஞ்சி, பஞ்சர் கடையில் நிறுத்தி 32-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த டயரில் 27 பி.எஸ்.ஐ.தான் இருக்கும். குறைந்த காற்றோடு ஓடும் டயர் அதிகம் மடங்கிச் சூடேறுகிறது. தனுஷ்கோடிச் சாலை வெயிலில் அது ஆபத்து. எனவே காற்றை வண்டி ஓடுவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது.

நைட்ரஜன் அடைத்தால் அழுத்தம் மாறவே மாறாது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. உலர்ந்த நைட்ரஜனும் உலர்ந்த காற்றும் இந்த விதிக்கு ஒரே விதமாகத்தான் கட்டுப்படுகின்றன. வேறுபாடு ஈரத்தில்தான் வருகிறது: கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய நீரை நாள்தோறும் திறந்து வடிக்காத கடையில், காற்றோடு நீரும் டயருக்குள் போகும். கடலோரத்தில் அந்தத் தொட்டி விரைவில் நீர் சேர்க்கும்.

மன்னார் வளைகுடாவில் ஆய்வுக்காக மூழ்குவோர் பயன்படுத்தும் காற்றுச் சிலிண்டரிலும் இதே கணக்குதான். காற்றை நெருக்கி அடைக்கும்போது சிலிண்டர் சூடாகும். 50 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், 28 டிகிரிக் கடல்நீரில் இறங்கி ஆறியதும் 186 பார் அளவில் நிற்கும். அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று இந்த எளிய விதியிலிருந்து சற்று விலகும் என்பதால் இதை ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். முள் இறங்கியதால் காற்று கசிந்துவிட்டது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் காற்று அதே அளவுதான். ஆயினும் நீருக்குள் எவ்வளவு நேரம் தங்கலாம் என்ற திட்டத்தை ஆறிய பிறகு காட்டும் எண்ணைக் கொண்டே போட வேண்டும்.

சமையல் எரிவாயுச் சிலிண்டருக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. அதற்குள் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. மேலே உள்ள அழுத்தம் அந்தத் திரவத்தின் ஆவியழுத்தம். குடுவையில் ஒட்டிய நீர்ச்சொட்டு செய்ததையே அது பெரிய அளவில் செய்கிறது. சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் புரோப்பேனை மட்டும் எடுத்துக்கொண்டால், சுழி டிகிரியில் 4.7 பார் அளவில் இருக்கும் முழு அழுத்தம் 30 டிகிரியில் 10.8 பாரை எட்டிவிடும். நம் விதியைப் போட்டால் 5.2 என்று வந்து ஏமாற்றும். வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால் அழுத்தம் அதைவிடக் குறைவு. ஏறும் விதம் அதேதான். இரவுத் தங்கலுக்குச் செல்லும் விசைப்படகில் சிலிண்டரை மேல்தளத்து வெயிலில் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி நிறுத்திக் கட்ட வேண்டியது இதனால்தான். திரவம் ஒரு கைப்பிடி மிஞ்சியிருக்கும் வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும் என்பதால், எவ்வளவு எரிவாயு மீதியிருக்கிறது என்பதை அழுத்தமானி சொல்லாது. சிலிண்டரைத் தராசில் நிறுத்து, அதன் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துத்தான் அதை அறிய முடியும். புதிதாக வந்த வீட்டுச் சிலிண்டருக்கு அந்த மிச்சம் 14.2 கிலோ இருக்க வேண்டும்.